அர்பாப் வீட்டில் இருக்கிறார்

ஒரு வீட்டுக்கு ஆம்பளைத் துணை என்ன விலை பெறும்? ஆரியங்காவுப் பக்கத்து வாத்துப் பண்ணையில் அது ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குப் படிந்தது. சொன்ன விலை இரண்டாயிரத்து ஐந்நூறு. துபாயில், தேரா கடைத்தெருவில், துணிக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி செல்போன் வீடியோவில் எழுநூறு ரூபாய் குறைத்தவர் ஒலி முகம்மது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய பேரம் அது. மகள் சஃப்ரின் சென்னைக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்திருந்தாள். மேலகரம் தாண்டி இலஞ்சி ரோட்டில், தென்னந்தோப்பை மனை போட்டு விற்ற இடத்தில் கட்டிய வீட்டில் ராபியா தனியாக இருந்தாள். சுற்றி இருந்த மனைகளில் பாதி காலி. நாய் வளர்க்கலாமென்றால் தொழுகை நடக்கிற வீட்டுக்கு அது சரிப்படாது. கூஸ் வாத்து என்று ஒன்று உண்டு, நாயைவிட ரோசமாகக் காவல் காக்கும் என்று உடன் வேலை பார்த்த மலையாளி சொன்னான்.

ஒலி முகம்மது பண்ணைக்காரனிடம் மில்லுக்கு ஆர்டர் கொடுப்பதுபோல் சொன்னார்: "வெள்ளையா இருக்கணும். ஆணா இருக்கணும். நல்ல மூர்க்கமா இருக்கணும். கேட்டத் தாண்டி எந்த ஆம்பள வந்தாலும் உள்ள விடக் கூடாது. எவனா இருந்தாலும் சரி."

"குஞ்சு ஒத்தையில வளரக் கூடாது பாய். சோடியா எடுங்க. மூவாயிரத்து ஐநூறுக்குத் தாரேன்" என்றான் பண்ணைக்காரன்.

ஒன்று போதும் என்று சொல்கிற வியாபாரியை ஒலி முகம்மது எந்த ஊரிலும் பார்த்ததில்லை. ஒன்றையே வாங்கினார். ஆயிரத்து எழுநூறு மிச்சம்.

அவருடைய இருபத்தாறு வருஷத் துபாய் வாழ்க்கையில் எத்தனையோ சரக்கு வந்திருக்கிறது. சாயம் போனது, அகலம் குறைந்தது, நீலம் கேட்டால் பச்சை வந்தது. சொன்ன தரத்தில் அணுவளவும் குறையாமல் வந்து இறங்கிய ஒரே சரக்கு அந்த வாத்துதான். அவர் அதைத் தெரிந்துகொண்டது போன ஆடி மாசம், இரண்டு பெட்டிகளோடு சொந்த வீட்டு கேட்டுக்குள் காலை வைத்தபோது.

"இனி போறதில்ல. வேலைய முடிச்சிட்டேன்" என்று போனில் சொல்லிவிட்டுத்தான் வந்தார். ராபியா வாசலில் நின்றாள். அவளுக்கும் அவருக்கும் நடுவில் அது நின்றது. இதற்கு முன் லீவுக்கு வந்த இரண்டு தடவையும் ராபியா அதைக் கொல்லைக் கொட்டகையில் அடைத்து வைத்திருந்தாள். விருந்தாளிக்காக இரண்டு மாசம் அடைக்கலாம். ஆயுசுக்கும் அடைத்து வைக்க முடியுமா?

அது கழுத்தைத் தரையோடு தாழ்த்தி நீட்டியது. குக்கர் விசிலடிக்கும் முன்னால் இரைகிற மாதிரி இரைந்துகொண்டு வந்து, அவருடைய கெண்டைக்காலைப் பிடித்து ஒரு திருகு திருகியது. கடிப்பது பெரிதில்லை. பிடித்த பிடியில் திருகுகிறதே, அதுதான் அதன் முத்திரை.

அதற்குப் பெயர் அர்பாப். துபாயில் முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "வாப்பாக்கு அங்கன ஒரு அர்பாப், உம்மாக்கு இங்கன ஒரு அர்பாப்" என்று சொல்லி சஃப்ரின் வைத்த பெயர். அன்று போனில் சிரித்தவர் ஒலி முகம்மது. ஒரு அர்பாபிடம் கணக்கு முடித்துக்கொண்டு வந்து இன்னொரு அர்பாபிடம் வேலைக்குச் சேர்ந்ததுபோல் ஆகிவிட்டது இப்போது.

மறுநாளிலிருந்து அவர் கொல்லைப்புறச் சந்து வழியாக, அடுக்களைக் கதவு திறந்து வீட்டுக்குள் போய்வந்தார். பக்கத்து வீட்டுக் காந்திமதிநாதன் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார். வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்றபடி மற்றவர்களுக்கு யோசனை சொல்வதை இப்போது முழுநேரமாகச் செய்துகொண்டிருந்தார்.

"என்ன பாய், சொந்த வீட்டுக்கே திருட்டுப் போக்குவரத்தா இருக்கு?"

"முன்பக்கம் சேறு அண்ணாச்சி."

"சேறு வெள்ளையாவா இருக்கு? கழுத்தெல்லாம் வச்சிருக்கு."

ஒலி முகம்மதுவின் சட்டைப் பையில் துபாய் அட்டை ஒன்று இருந்தது. ஆறு மாசத்துக்குள் திரும்பிப் போனால் விசா செல்லும். "மனசு மாறினா வா, ஜனவரி வரைக்கும் உன் இடத்துல ஆள் போட மாட்டேன்" என்று கடை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். இதை அவர் ராபியாவிடம் சொல்லவில்லை. ஒரு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு விலையைப் பைக்குள் வைத்திருப்பது அவர் பழக்கம். வீடா, துபாயா என்ற கேள்விக்கு ஜனவரி முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுக்குள் நிமிர்ந்து நுழைய முடிந்தால் வீடு. முடியாவிட்டால் இருக்கவே இருக்கிறது அட்டை.

வியாபாரி வியாபாரியாகத்தானே வழி தேடுவான். முதலில் கொசுறு. துபாயிலிருந்து கொண்டுவந்த பேரீச்சம்பழத்தைக் கொட்டை நீக்கிக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று கையிலேயே வைத்து நீட்டினார். அர்பாப் மரியாதையாக வாங்கித் தின்றது. ஒரு வாரம் அமைதி. டப்பா காலியான அன்று வெறுங்கையோடு போனார். அர்பாப் அந்தக் கையை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு பெருவிரலைப் பிடித்துத் திருகியது.

"நாங்க லோன் குடுத்த பார்ட்டி மாதிரில்லா இருக்கு. குடுக்கும்போது கும்பிடுவான், நிறுத்துனா கடிப்பான்" என்றார் காந்திமதிநாதன். "ஒரு கம்ப எடுத்து ரெண்டு போடும். எல்லாம் சரியாப் போவும்."

யோசனை இலவசமாகக் கிடைத்ததால் ஒலி முகம்மது அதையும் செய்து பார்த்தார். கம்பு ஒரு தடவைதான் முதுகில் பட்டது. அர்பாபுக்கு ஞாபகசக்தி ஒரு வட்டிக்கடைக்காரருக்கு உள்ளதைவிட அதிகம். அன்றைக்குப் பிறகு அவர் வீட்டுக்குள் இருந்து இருமினால்கூட அது ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றது. குற்றாலத்துக் குரங்குகள் அந்தத் தெருவில் எல்லா வீட்டு மொட்டைமாடியிலும் ஏறி வடகம் தின்றன. இந்த வீட்டை மட்டும் மதிலோடு சுற்றிப் போயின. அப்படிப்பட்ட வீட்டுக்குள் அவர் குடியிருந்தார்.

ராபியா அந்தக் கம்பை அவர் கையிலிருந்து வாங்கித் துணி காயப்போடும் கொடிக்கு முட்டுக் கொடுத்தாள். "இந்த வீட்டுல யாரும் யாரையும் அடிச்சுப் பழக்கமில்ல" என்றாள்.

மூன்றாவது வழி அவருடைய குலத்தொழில் ரகசியம். கடையநல்லூரில் அவருடைய வாப்பா தறிக்கு நூல் வாங்கப் போகும்போது கைபிடித்துக் கூட்டிப்போய்க் கற்றுக்கொடுத்தது. விலை படியவில்லையா, முகத்தைத் திருப்பு. நட. அவசரப்படாதே. திரும்பிப் பார்க்காதே. பத்தடி போவதற்குள் கடைக்காரன் கூப்பிடுவான். தென்காசி மார்க்கெட்டில் கத்தரிக்காயிலிருந்து இந்த மனை வரைக்கும் அவர் அப்படித்தான் வாங்கியிருக்கிறார். எதிராளியின் ஆசையின் மேல் நமக்குள்ள நம்பிக்கைதான் அதில் முதலீடு.

ஒரு புரட்டாசிக் காலையில் அவர் முன்வாசல் வழியாக இறங்கி, அர்பாபுக்கு எதிரே போய் நின்று, நீ ஒரு பொருட்டே இல்லை என்பதுபோல் முகத்தைச் சுளித்து, முதுகைத் திருப்பி நடந்தார்.

பத்தடிகூட ஆகவில்லை. அர்பாப் அவரைக் கூப்பிட்டது. கூப்பிட்ட இடம்தான் சரியில்லை. அடுத்த இரண்டு நாள் அவர் நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உக்காரும்போது பாத்து உக்காரும்" என்று மதிலுக்கு மேலிருந்து யோசனை வந்தது.

கார்த்திகை பிறந்து, குற்றாலம் ரோட்டில் ஐயப்ப சாமிகளின் வண்டி வரிசை நீண்டது. அர்பாபின் மூர்க்கமும் கூடியது. ஒலி முகம்மது அதை விற்றுவிடுவது என்று முடிவெடுத்தார். அருவிக்குப் போகிற வழியில் கிளி, மீன், வாத்துக்குஞ்சு விற்கிற பென்னியை வரச் சொன்னார். பென்னி கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு அர்பாபை ஒரு சுற்றுப் பார்த்தான். அர்பாபும் அவனைப் பார்த்தது.

"அண்ணாச்சி, இது ஒத்தையில வளந்துச்சா?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"அடுக்களையில, ஆச்சி காலச் சுத்தி?"

"பிஸ்கட் அட்டப்பெட்டியில வச்சுத்தான் ராபியா வளத்தா."

"அதான். கூட இன்னொரு வாத்து இல்லல்லா, இது தன்ன மனுசன்னு நெனச்சுக்கிட்டு வளந்திருக்கு. ஆச்சி அதுக்குச் சோடி மாதிரி. நீங்க போட்டிக்கு வந்த ஆளு. குளிருகாலம் வேறயா, இப்ப இதுக்கு இணசேருத நேரம். அதான் கடி கூடுது." பென்னி சிரிக்காமல் சொன்னான். "உள்ளதச் சொல்லணும்னா, அது பக்கத்துல நியாயம் இருக்கு."

ஒலி முகம்மது தொண்டையைச் செருமினார். "வெலையச் சொல்லுலே."

"இந்தக் கொணத்துல யார் வளக்க வாங்குவா? கறிக்குத்தான் போவும். எடை போட்டு எடுத்துக்கிடுதேன்."

அடுக்களை ஜன்னலில் ராபியாவின் தலை தெரிந்தது. உடனே மறைந்தது. பாத்திரம் எதுவும் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒலி முகம்மதுவுக்கு வசதியாக இருந்திருக்கும்.

"கறிக்கெல்லாம் வேண்டாம்" என்றார்.

"அப்போ ஒரு பெட்ட வாங்கி விடுங்க. எங்கிட்ட ஒண்ணு நிக்கி. இத ஏத்துக்கிடுமா, உறுதி சொல்ல முடியாது. ஆனா ஆச்சி மேல உள்ள பாரம் கொறையும். நாலாயிரம்."

"விக்கக் கூப்பிட்டவன்கிட்டயே விக்கிதியா?"

"அன்னைக்குச் சோடியா எடுக்காம நீங்க மிச்சம் பிடிச்சது எவ்வளவு?"

ஒலி முகம்மது கேட்டின் துருவைச் சுரண்டினார்.

"இங்க பாருங்க அண்ணாச்சி, இதுகிட்ட பயப்படவும் கூடாது, பயமுறுத்தவும் கூடாது. மத்தத ஆச்சிட்ட கேளுங்க. ஆறு வருசமா அவங்கதான் இதோட பொழங்குதாங்க." பென்னி ஸ்கூட்டரை உதைத்தான்.

எல்லாரையும் கேட்டார். காந்திமதிநாதனைக் கேட்டார், செல்போனில் அமெரிக்காக்காரன் வாத்து வளர்க்கிற வீடியோ பார்த்தார், கால்நடை ஆஸ்பத்திரி வாசலில் டோக்கன் வாங்கி உட்கார்ந்து பார்த்தார். அடுக்களையில் இருந்தவளை மட்டும் கேட்கவில்லை. இருபத்தாறு வருஷம் அவர் போனில் சொல்வார், அவள் கேட்டுக்கொள்வாள். கரண்ட் பில், மகள் படிப்பு, சிமெண்டு மூட்டை எல்லாம் அப்படித்தான் நடந்தது. அந்த லைன் எதிர்த்திசையிலும் வேலை செய்யும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஜனவரிக் கடைசி வாரம் முதலாளி போன் செய்தார். "வாறியா, வேற ஆளப் பாக்கட்டுமா?" அன்று மத்தியானம் ஒலி முகம்மது சோற்றைப் பிசைந்துகொண்டே தன்னிடம் மிச்சமிருந்த ஒரே வித்தையை ராபியாவிடம் எடுத்தார்.

"நான் துபாய்க்கே போயிரலாம்னு பாக்குதேன்."

ராபியா மீன் குழம்பை ஊற்றினாள். "எப்ப?"

"வெள்ளிக்கிழம."

"ஜும்ஆ தொழுக முடிஞ்சா, முந்தியா?"

அவள் ஏன் என்று கேட்பாள், அழுவாள், வாத்தை விரட்டிவிடுகிறேன் என்பாள் என்று நினைத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயாராக வைத்திருந்தார். ஒன்றும் விலைபோகவில்லை. கடைசியில் தானாகவே இறங்கினார்.

"அது இருக்க வீட்டுல நான் இருக்க முடியாதுல்லா."

"அதுவும் அப்படித்தான் சொல்லுது" என்றாள் ராபியா. "இன்னும் ஒரு துண்டு மீன் வைக்கட்டா?"

வியாழக்கிழமை அவள் பெட்டி கட்டினாள். மிளகு, கருப்பட்டி, குற்றாலத்து நேந்திரங்காய்ச் சிப்ஸ், துவைத்து மடித்த சட்டைகள். தராசு இல்லாமலே விமானத்துக்கு எவ்வளவு எடை ஆகுமோ அந்த எடைக்குச் சரியாகக் கட்டினாள். பழகின கை.

வெள்ளிக்கிழமை தொழுது வந்ததும், திருவனந்தபுரம் பஸ் ஏறத் தென்காசி பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுவது குத்தாலிங்கம். அடுக்களைச் சந்துக்குள் பெட்டி நுழையாது. அதனால் வீட்டுக்கு வந்த நாளுக்குப் பிறகு முதல் தடவையாக ஒலி முகம்மது பெட்டியோடு முன்வாசலில் நிற்க வேண்டியதாயிற்று. மெல்லிய தூறல். அர்பாப் கொய்யாமரத்தடியில் ஒற்றைக்காலில் நின்றது.

"போயிட்டு வாறேன்" என்றார்.

"நல்லபடியாப் போங்க."

அவர் முகத்தைத் திருப்பினார். நடந்தார். அவசரப்படவில்லை. திரும்பிப் பார்க்கவில்லை. வாப்பா சொல்லிக்கொடுத்ததில் ஒன்றும் பிசகவில்லை. பத்தடி வந்தது. யாரும் கூப்பிடவில்லை. கொஞ்சம் மெதுவாக நடந்தார், கூப்பிட வசதியாக இருக்கட்டும் என்று. பெட்டியைக் கை மாற்றினார். செருப்பு வாரைச் சரி செய்தார். விலைக்கு வராத கடை அது.

பின்னால் இரைச்சல் கேட்டது. பேண்ட்டோடு சேர்த்துத் தொடையில் ஒரு திருகு விழுந்தது.

"முதுகக் காட்டாதீங்க" என்றாள் ராபியா.

அவர் ஓட நினைத்தார்.

"ஓடாதீங்க. பெட்டியக் கீழ வைங்க. இங்கிட்டுத் திரும்புங்க."

திரும்பினார். அர்பாப் இறக்கை இரண்டையும் விரித்து மறுபடி வரத் தயாரானது. அதற்குப் பின்னால் வாசற்படியில் ராபியா நின்றாள்.

"ரெண்டு கையையும் அகல விரிங்க. நெஞ்ச நிமித்துங்க. சத்தம் போடாதீங்க, மிதிக்காதீங்க. அதப் பாத்துக்கிட்டே மெதுவா முன்னால வாங்க."

"கடிக்கும்."

"போறவங்களத்தான் கடிக்கும். வாங்க."

ஆட்டோக்காரன் பார்க்க, மதிலுக்கு மேல் காந்திமதிநாதனின் தலை பார்க்க, ஐம்பத்து நாலு வயசில் ஒலி முகம்மது தன் வீட்டு முற்றத்தில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தார். அர்பாப் இரைந்தது. இன்னோரடி. அது கழுத்தை உயர்த்தியது. அவர் நிற்காமல் வருவதைக் கண்டதும் ஒரு பக்கமாக ஒதுங்கி, இதற்காகவே வந்தவன்போல் புல்லைக் கொத்தியது. விலை இறங்கிய பிறகு தராசைத் துடைக்கிற கடைக்காரனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இத ஏன் ஆறு மாசமா சொல்லல?"

"நீங்க எங்க கேட்டீங்க? ஊரெல்லாம் கேட்டீங்க."

"போறேன்னு சொன்னப்பவும் ஒண்ணும் சொல்லலியே ராபியா."

"பதிமூணு தடவ சொல்லியாச்சுல்லா." அவள் குரல் உயரவில்லை. "மொதத் தடவ போனப்பவும் சொன்னேன், ஒவ்வொரு லீவு முடியும்போதும் சொன்னேன். ஒருக்காவது திரும்பிப் பாத்தீங்களா? எனக்குத் தொண்ட வத்திப் போச்சு. பதினாலாந் தடவைக்கு என்கிட்ட சொல்லு இல்ல." முந்தானையால் முகத்துத் தூறலைத் துடைத்தாள். "அந்தக் கார்டு நீலச் சட்டப் பையில இருக்கு. மறந்துராதீங்க."

சட்டைகளை மாற்றி மாற்றித் துவைக்கப் போட்டபோதும் அந்த அட்டை எப்படி ஒவ்வொரு தடவையும் நனையாமல், மடங்காமல், போட்டுக்கொள்கிற சட்டையின் பையிலேயே இருந்தது என்று ஆறு மாசமாக அவர் யோசித்ததில்லை. இப்போது யோசித்தார்.

"இத எப்படித் தூக்கணும்?" என்று கேட்டார். ராபியாவிடம் அவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

"பின்னால இருந்து எறக்க ரெண்டையும் ஒடம்போட சேத்துப் பிடிங்க. கக்கத்துல வைங்க. தல பின்பக்கம் இருக்கட்டும், மூஞ்சிப் பக்கம் வேண்டாம். இறுக்காதீங்க. அது அடங்குத வரைக்கும் விடாதீங்க. அடங்குனதும் தானா எறக்கி விடுங்க."

இரண்டு தடவை தவறி, மூன்றாம் தடவை பிடித்தார். நினைத்ததைவிடக் கனம். கைக்குள் அதன் நெஞ்சு தறிபோல் அடித்துக்கொண்டது. தன்னுடையதும் அப்படித்தான் அடித்துக்கொள்கிறது என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, வாறீங்களா இல்லியா? பஸ்சு போயிரும்" என்றான் குத்தாலிங்கம்.

"எவ்வளவு பேசினோம்?"

"எரநூறு. ஆனா வண்டி ஓடலியே, பாத்துக் குடுங்க."

ஒலி முகம்மது வாத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே ஒரு கையால் இருநூறை எடுத்து முழுசாகக் கொடுத்தார். குத்தாலிங்கம் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் திருப்பினான்.

ராபியா வந்து பெட்டியை எடுத்தாள். முன்வாசல் வழியாக உள்ளே கொண்டுபோனாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே பீரோக் கதவு கிரீச்சிடுவது கேட்டது.

"என்ன பாய்," மதிலுக்கு மேலிருந்து காந்திமதிநாதன் கேட்டார், "கணக்கு நேராயிட்டா?"

"செலவுல மூணு கைலி, ஒரு பேண்ட்டு, ஒரு விசா, ஆட்டோவுக்கு எரநூறு. பெட்ட வாத்துக்குப் பென்னிட்ட நாலாயிரம் குடுக்கணும், அன்னைக்கே சோடியா எடுத்திருந்தா ஆயிரத்து எழுநூறுல முடிஞ்சிருக்கும்."

"வரவு?"

"முன்வாசல்."

"பாக்கி?"

"இருபத்தாறு வருசத்துல லீவுக்கு வந்தது ரெண்டு வருசம் கழிச்சா இருபத்து நாலு வருசம். ராபியாவுக்கு."

"அம்மாடி. அத எப்படிவே அடைப்பீரு?"

"தவணையிலதான் அண்ணாச்சி."

அடங்கிவிட்டது என்று அவர் பிடியைத் தளர்த்திய நேரம் பார்த்து, அர்பாப் கழுத்தை வளைத்து அவருடைய இடுப்புச் சதையைப் பிடித்து நிதானமாக ஒரு திருகு திருகியது.

ஒலி முகம்மது அதை விடவில்லை. "வட்டிய இது எடுத்துக்கிடும்" என்றார்.